குடிநோய் தீர்க்கும் நான்கு கூறுகள்

சேலம் மாவட்டத்திற்குத் தமிழர் எவரும் மறக்கலாகாத ஒரு வரலாற்றுச் சிறப்பு உண்டு. 1937-ஆம் ஆண்டு அக்தோபர் முதல் நாள், அன்றைய சென்னை மாகாணத்தில் முதன்முதலாகக் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் சட்டத்தால் மூடப்பெற்ற மாவட்டம் இதுவே. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி நிலப்பகுதிகளும் அன்று இதனுள் அடங்கியிருந்தன. அதற்கும் பதினாறாண்டுகள் முன்னரே, 1921-இல், தந்தை பெரியார் சேலத்தையடுத்த தாதம்பட்டியில் தமக்குரிய தோப்பிலிருந்த ஐந்நூறு தென்னைகளை, அவை கள்ளிறக்கப் பயன்படுதல் கூடாதென்று வெட்டிச் சாய்த்தார். குடியை ஒழிக்கத் தமிழ்நாடு மேற்கொண்ட பெருமுயற்சிகளுள் இவ்விரண்டும் இம் மண்ணிலேயே நிகழ்ந்தன.

இன்று அதே மண்ணின் நிலை யாது? சூரமங்கலத்துத் தொடர்வண்டிச் சந்திப்பையொட்டிய தெருக்களிலும், சிவதாபுரம், பனங்காட்டு வெள்ளிப் பட்டறைகளைச் சூழ்ந்த சந்துகளிலும், கூலி கைக்கு வரும் நாளின் மாலைப் பொழுதில் நடந்து பார்ப்பார்க்கு விடை தானே விளங்கும். கொலுசுக்குப் பற்றுவைக்கும் நுண்ணிய கைகள் நடுங்குகின்றன. தறி ஓட்டிய கால்கள் சாக்கடை ஓரத்தில் நீட்டிக் கிடக்கின்றன. குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கென முடிந்து வைத்த பணம், முடிச்சு அவிழ்க்கப்பட்டு மறைகின்றது. இவையெல்லாம் எந்தச் சட்டத்தின் நிழலில் நிகழ்கின்றன? 1937-இல் இயற்றப்பெற்ற அதே ‘மதுவிலக்குச் சட்டத்தின்’ கீழ் வகுத்த விதிகளைக் கொண்டே அரசு இன்று குடிப்பொருளை விற்கின்றது! விலக்குதற்கென்று பிறந்த சட்டம், விற்பதற்கென்று வாழ்கின்றது. இதனினும் பெரிய முரண் வேறொன்றுண்டோ?

குடியால் வீழ்ந்தவனை எடுத்து நிறுத்த வேண்டுமென்னும் எண்ணம் இப்பொழுது ஆங்காங்கே எழுந்துள்ளது, மகிழ்ச்சியே. ஆயின், அவ்வெண்ணத்தை விலையாக்கும் கடைகளும் பெருகிவிட்டன. ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள், மூன்றே நாளில் மறப்பார்’ என்று சுவர்தோறும் விளம்பரங்கள். ‘மறுவாழ்வு இல்லம்’ என்று பலகை மாட்டிக்கொண்டு, பூட்டிய அறையுள் அடித்தும் பட்டினியிட்டும் ‘திருத்தும்’ இடங்கள் மற்றொரு புறம். தாலியை அடகு வைத்துப் பணங்கட்டிய பெண், மூன்று திங்கள் கழித்துக் கணவன் மீண்டும் கடை வாயிலில் நிற்கக் கண்டு, ‘இந்நோய்க்கு மருந்தே இல்லை’ என்று நெஞ்சுடைந்து போகின்றாள். மருந்து உண்டு. எந்த மருத்துவம் பயன்தரும், எது பயன்தராது என்பதைத் தெளிந்து கொள்ளாமையே இந்த ஏமாற்றத்திற்கெல்லாம் வேர்.

முதற்கண் ஒரு சொல்லைத் திருத்திக் கொள்ளுதல் வேண்டும். ‘குடிகாரன்’ என்று சொன்ன அளவில் கண்முன் நிற்பவன் ஒரு குற்றவாளி. ‘குடிநோயர்’ என்று சொன்ன அளவில் கண்முன் நிற்பவர் மருத்துவம் வேண்டும் ஒரு மாந்தர். சொல் மாறின் பார்வை மாறும். பார்வை மாறின் செயல் மாறும். இஃது இரக்கத்தால் சூட்டிய பெயர் மட்டுமன்று. அறிவியல் ஒப்பிய உண்மையுமாகும். நெடுநாட் குடி, மூளையில் இன்ப உணர்வையும் தன்னடக்கத்தையும் ஆளும் பகுதிகளின் இயக்கத்தையே மாற்றிவிடுகின்றது. ‘இனித் தொடேன்’ என்று தாயின் தலைமேல் அடித்துச் சூளுரைத்தவன் மறுநாளே தவறுவது, அச் சூள் பொய்யென்பதால் அன்று. அதனைக் காக்க வேண்டிய உறுப்பே நோயுற்றிருப்பதால். அதனாலேயே வெறும் அறிவுரையும் வசையும் அடியும் இந்நோயைத் தீர்ப்பதில்லை.

அவ்வாறாயின் தீர்ப்பது எது? இதற்கு விடைதேடி வேற்றுநாட்டு நூல்களைப் புரட்டுமுன் தமிழ்நூலொன்றைப் புரட்டுவோமாயின் பயனுண்டு. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அது யாவரும் அறிந்தது. அதற்கு இரண்டு அதிகாரம் தள்ளி ‘மருந்து’ என்று மற்றோர் அதிகாரம் வகுத்துள்ளமையை இவ்விடத்து எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அதன் இறுதிக் குறளில் மருத்துவத்தை அவர் நான்கு கூறாக்கினார்: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன். இந் நான்கும் கூடினாலன்றி மருத்துவம் நிறைவதில்லை. இன்றைய குடிநோய் மருத்துவம் எங்கு வெல்கின்றது, எங்குத் தோற்கின்றது என்பதை இந் நான்கினையும் கொண்டே அளந்துவிடலாம்.

முதலாவது, நோயுற்றவர். அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தார் நடத்தி 2019-இல் வெளியான நாடளாவிய அளவாய்வின்படி, குடிக்கு அடிமையானோருள் முப்பத்தெண்மருக்கு ஒருவரே ஏதேனுமொரு மருத்துவ உதவியைப் பெற்றுள்ளார். மருத்துவமனையில் தங்கிப் பண்டுவம் பெற்றவரோ நூற்றெண்பதின்மருக்கு ஒருவர். எஞ்சியோர் ஏன் வரவில்லை? இழிவு அஞ்சி, கூலி போமென்று அஞ்சி, எங்குச் செல்வதென்று அறியாமல். ஆகலின், வருவோர்க்குக் கதவு உடனே திறந்திருத்தல் வேண்டும். இந்நோயர்க்கு ‘மருத்துவம் வேண்டும்’ என்னும் எண்ணம் எழும் நேரம் மிகக் குறுகியது. ‘அடுத்த திங்கள் வா’ என்று திருப்பியனுப்பின் அந்நேரம் மீண்டும் வாராமற் போகலாம்.

‘அவனாக விரும்பி வந்தாலன்றிப் பயனில்லை’ என்பார் பலர். இஃது முழு உண்மையன்று. மனைவியின் வற்புறுத்தலாலும், வேலை போய்விடுமென்னும் நெருக்கடியாலும், வழக்குமன்றத்தின் கட்டளையாலும் வந்தவர்களும் ஏனையோரைப் போலவே நலம் பெறக் கூடுமென்பது ஆய்வுகளிற் கண்ட முடிவு. ஆனால், வற்புறுத்துதல் வேறு, வதைத்தல் வேறு. 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், குடியாலும் வெறிப்பொருள்களாலும் வரும் மனநோய்களையும் தன்னுள் அடக்கி, அந்நோயரின் மதிப்பையும் உரிமையையும் காத்துள்ளது. அடிக்கும் இல்லம் மருத்துவமனையாகாது.

இரண்டாவது, மருந்து. இதனைப் பற்றிய அறியாமை உயிரையே குடிக்கும். நாள்தோறும் மிகுதியாய்க் குடித்தவர் திடுமென நிறுத்தின், சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தோன்றும்; இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம்; இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாதவற்றைக் கண்டும் கேட்டும் பிதற்றும் நிலை வரலாம். ‘அறையிற் பூட்டி வை, தானே தெளிவான்’ என்பது இந்நிலையில் கொலைக்கு ஒப்பாகும். மருத்துவரின் காவலில் அமைதியூட்டும் மருந்துகளும், குடியால் குறைந்துபோன தயமின் என்னும் ஊட்டமும் தந்து இந் நாள்களைக் கடத்துதல் வேண்டும். அதன்பின் குடிவேட்கையைத் தணிக்கும் மருந்துகள் உண்டு. குடித்தால் உடல் ஒவ்வாது துன்புறுமாறு செய்யும் தைசல்பிரம் என்னும் மருந்தும் உண்டு; 1948-இல் தென்மார்க்கு நாட்டு அறிஞர் இதன் இயல்பைக் கண்டறிந்தனர். நோயர் அறிந்து ஒப்பி, மருத்துவர் பார்வையில் உட்கொண்டால் இது துணை. அவரறியாமற் சோற்றிற் கலந்து, அவரும் அறியாமற் குடித்துவிட்டால், குருதியழுத்தம் வீழ்ந்து உயிர்போகவும் கூடும். சுவர் விளம்பரங்களின் ‘மறைவு மருந்து’களை மக்கள் அஞ்சி ஒதுக்க வேண்டுவது இதனாலேயே.

அபின் வழிவந்த வெறிப்பொருள்களுக்கு அடிமையானோர்க்கு மருந்தின் இடம் இன்னும் பெரிது. 1965-இல் நியூயார்க்கில் தோலே, நைசுவாந்தர் என்னும் மருத்துவர் இருவர், மெததோன் என்னும் மாற்று மருந்தை நாள்தோறும் அளந்து கொடுத்து, ஊசிக்கு அடிமையானோரை வேலைக்கும் வீட்டுக்கும் மீட்டுக் காட்டினர். இன்று இந்தியாவிலும் மாற்று மருந்து தரும் நிலையங்கள் உள்ளன. ‘ஒரு வெறிக்கு மற்றொரு வெறியோ?’ என்று இதனைப் பழிப்பார் உளர். நீரிழிவு நோயர் நாள்தோறும் ஊசி போட்டுக் கொள்வதை எவரும் வெறியென்று கூறுவதில்லை.

எனினும், மருந்து வாயிற்படி மட்டுமே. வீடு அதற்கப்பால் உள்ளது. உடலிலிருந்து நஞ்சை இறக்குதற்குப் பத்து நாள் போதும். உள்ளத்திலிருந்து இறக்குதற்குப் போதாது. பத்தாம் நாள் ‘தெளிந்துவிட்டார்’ என்று வீட்டுக்கு அனுப்பி வைக்கும் நிலையங்கள், வாயிற்படியிலேயே நோயரை விட்டுவிடுகின்றன.

மூன்றாவது, தீர்ப்பவர். குடிநோய் மருத்துவத்தில் பெரும்பகுதி பேச்சாலேயே நடைபெறுவது. எந்நேரத்தில் வேட்கை எழுகின்றது, எந்த நண்பனைக் கண்டால் கால் கடைப்பக்கம் திரும்புகின்றது, எந்தத் துயரை மறக்கக் குடி தொடங்கிற்று என்பவற்றை நோயர் தம் வாயாற் சொல்லித் தாமே உணர்தல் வேண்டும். இதனை அவர் எம்மொழியிற் சொல்வார்? தறிக்குழியில் நாற்பதாண்டு இருந்தவர், தம் தந்தை தம்மை அடித்த அடியையும், தாம் தம் மகனை அடித்த அடியையும், தாய்மொழியிலன்றி வேறெம்மொழியிற் சொல்லி அழ முடியும்? வினாப்படிவம் ஆங்கிலத்தில், நோய்க்குறிப்பு ஆங்கிலத்தில், மருத்துவர் தமக்குள் உரையாடுவது ஆங்கிலத்தில், நோயர் மட்டும் தமிழில் என்றால், அங்கே மருத்துவம் நிகழவில்லை, மொழிபெயர்ப்பே நிகழ்கின்றது. வயிற்றுவலிக்கு மருந்து தருவார்க்கு மொழி ஒரு கருவி. குடிநோய் தீர்ப்பார்க்கோ மொழியே மருந்து. தாய்மொழி உரிமை என்பது பள்ளிக்கும் வழக்குமன்றத்துக்கும் மட்டும் உரியதன்று. நோய்ப் படுக்கைக்கும் உரியது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது பிறிதில்லை.

காலமும் இக்கூற்றைச் சார்ந்ததே. அமெரிக்க நாட்டின் வெறிப்பொருள் ஆய்வு நிறுவனம் 1999-இல் வெளியிட்ட மருத்துவ நெறிகள் பதின்மூன்றனுள் ஒன்று, மூன்று திங்களுக்குக் குறைந்த பண்டுவம் போதிய பயன் தாராது என்பது. மூன்று திங்களும் மருத்துவமனையிலேயே கிடக்க வேண்டுமென்பது அதன் பொருளன்று. சில கிழமை தங்கிப் பின்னர்த் தவறாது வந்து போதல் போதும். ஒரே மருத்துவம் அனைவர்க்கும் பொருந்தாதென்பதும், குடியோடு கூடிய மனச்சோர்வு முதலிய நோய்களையும் உடன் தீர்க்க வேண்டுமென்பதும் அந்நெறிகளுட் சில. மீண்டும் வீழ்தல் தோல்வியன்று என்பதும் அறியத்தக்கது. 2000-ஆம் ஆண்டில் மக்லெல்லன் முதலிய ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் காட்டியபடி, பண்டுவம் முடித்தவருள் நூற்றுக்கு நாற்பது முதல் அறுபதின்மர் ஓராண்டுக்குள் மீண்டும் தொடுகின்றனர். குருதியழுத்த நோயரும் ஈளை நோயரும் மருந்தை விட்டு மீண்டும் நோயுறும் அளவும் இதனினும் குறைந்ததன்று. ஈளை திரும்பினால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் குடும்பம், குடி திரும்பினால் மட்டும் கதவைச் சாத்துவது ஏன்?

நான்காவது, அருகிருந்து பணிசெய்பவர். வள்ளுவர் ‘உழைச்செல்வான்’ என்று குறித்த இவரையே இன்றைய மருத்துவம் பெரிதும் மறந்துவிட்டது. குடிநோயின் வெற்றி தோல்வியோ பெரிதும் இவரிடத்திலேயே உள்ளது.

உலகறிந்த சான்றொன்று: வியத்துநாம் போரில் ஈடுபட்ட அமெரிக்கப் படைஞருட் பலர் அங்கே அபின் வழிப் பொருள்களுக்கு அடிமையாயினர். 1971-இல் அவர்கள் நாடு திரும்புங்கால், பெருங்கேடு விளையுமென்று அந்நாடே நடுங்கிற்று. இலீ இராபின்சு என்னும் ஆய்வாளர் அவர்களைப் பின்தொடர்ந்து ஆய்ந்தார். அங்கு அடிமையாயிருந்தோருள் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவரே! அதே நாட்டில், மருத்துவமனையில் நெடுநாள் தங்கிவிட்டுத் தம் பழைய தெருவுக்கே திரும்பியவர்களோ மிகப் பெரும்பாலோர் மீண்டும் வீழ்ந்தனர். வேற்றுமை யாது? படைஞர், நோய் பிடித்த இடத்தை விட்டு நீங்கினர். மற்றையோர், நோய் பிடித்த இடத்திற்கே மீண்டனர். மருத்துவம் முடித்த தமிழ்த் தொழிலாளி எங்குத் திரும்புகின்றான்? தன் தெருவுக்கே, கடை திறந்திருக்கும் அதே முனைக்கே. அவனுக்குத் தெருவை மாற்றித் தர இயலாது. தெருவின் இயல்பை மாற்றித் தருதல் இயலும்.

அதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி இரங்கநாதன் என்னும் அம்மையார், 1980-இல் சென்னையில் குடிநோய் மருத்துவத்திற்கெனவே ஒரு நிறுவனம் கண்டார். நோயருக்கு நடத்தும் பண்டுவத்தோடு, குடும்பத்தார்க்கும் தனியே வகுப்பு நடத்துதலை அங்கே நெறியாக்கினர். ஏனெனில், ஆண்டுக்கணக்கில் குடிநோயரோடு வாழ்ந்த மனைவியும் மக்களும் தாமும் உள்ளம் நைந்திருப்பர். அந்நிறுவனத்தார் 1989-இல் அன்றைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடியில், மருத்துவத்தையே ஊருக்குக் கொண்டு சென்று பாசறை அமைத்தனர். ஊரார் இடமும் உணவும் தந்தனர். நோயர் தம் மண்ணிலேயே, தம் உறவினர் நடுவிலேயே தெளிந்தனர். பாசறை கலைந்த பின்னும் தொடர்ந்து வந்து பார்க்கும் ஏற்பாடு இருந்தது. நேற்றுவரை எள்ளிய ஊரே இன்று காவலாய் நின்றது. சிற்றூர் மருத்துவத்திற்கு அஃது ஒரு முன்மாதிரியாயிற்று. குடிநோயரே ஒருவர்க்கொருவர் துணையாகக் கூடும் வழக்கமும் இத்தகையதே. 1935-இல் அமெரிக்காவின் ஆக்கிரன் நகரில் குடிநோயர் இருவர் தொடங்கிய அக் கூட்டுறவு இன்று தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் நடைபெறுகின்றது. கட்டணமில்லை, பெயர் கேட்பதில்லை, வீழ்ந்தெழுந்தவன் வீழ்ந்து கிடப்பவனுக்குக் கை கொடுக்கின்றான்.

இங்கே சிலர் ஒன்று கேட்பர்: ‘கள் தமிழனின் பழம்பொருளன்றோ? தகடூர் அதியமான் ஔவைக்குக் கள்ளளித்ததைப் புறநானூறு கூறவில்லையோ?’ கூறுகின்றது, மறைத்தல் வேண்டா. ஆனால், அதியமான் தன் குடிமக்களின் கூலியைக் கவர்வதற்குத் தெருத்தோறும் கடை வைத்தானல்லன். விருந்தில் பகிர்ந்த கலம் வேறு. ஆலையிற் காய்ச்சிய கடுஞ்சாராயத்தைப் பகலெல்லாம் விற்கும் வாணிகம் வேறு. சங்கச் சான்றோரின் பெயரைச் சொல்லிச் சாராய ஆலைக்கு வழக்காடுதல், அச் சான்றோர்க்கே இழுக்கு.

இனி அரசின் நிலையைக் காண்போர், அறுபதாண்டுக் காலம் ஆடிய ஊசலையே காண்பர். இராசகோபாலாச்சாரியாரின் ஆட்சி இந்தியைப் புகுத்திய பழிக்கு என்றும் உரியது. ஆயின், அதே ஆட்சி கள்வருவாயை இழக்கத் துணிந்து, 1939-இல் விற்பனை வரியால் அவ்விழப்பை ஈடு செய்ததென்பதும் மறுக்கவொண்ணாத உண்மை. போர்க்காலத்தில் நிறுத்தப்பட்ட அவ்விலக்கு 1948-இல் மாகாணம் முழுதும் பரவிற்று. 1971-இல் தி.மு.க. ஆட்சி அதனைத் தளர்த்திக் கடைகளைத் திறந்தது. 1974-க்குள் அதுவே மூடிற்று. 1981-இல் அ.தி.மு.க. ஆட்சி மீண்டும் திறந்தது. 1983-இல் ‘தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம்’, அஃதாவது மக்கள் வாயில் வழங்கும் டாசுமாக்கு, தோன்றிற்று. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் அரசே கைக்கொண்டது. 2023-24-இல் மட்டும் இதனால் அரசு பெற்ற வருவாய் 45,000 கோடி உருபாவுக்கும் மேல்.

மூடுவதும் திறப்பதுமாகிய இவ்வூசலில் இருசாராரும் ஒன்றை மறந்தனர். 1937-இல் சேலத்தில் கடை மூடப்பட்டது. கள்ளிறக்குவோர்க்குப் பதநீரும் வெல்லமும் மாற்றுத் தொழிலாயின. ஆனால், முன்பே நோயுற்றவனுக்கு மருந்தில்லை. அவன் ஒளிந்து குடித்தான், சிறை சென்றான். இன்று மருந்துண்டு, மருத்துவருண்டு, 2025-இல் தமிழ்நாட்டரசு ‘கலங்கரை’ என்னும் நற்றமிழ்ப் பெயரில் மீட்பு நிலையங்களையும் திறந்துள்ளது. ஆனால், கலங்கரையிலிருந்து இறங்கியவன் கால்வைக்குமிடமெல்லாம் கடை. மருந்தில்லாத விலக்கும் தோற்கும். விலக்கில்லாத மருந்தும் தோற்கும். இவ்விரண்டும் ஒருங்கே கூடிய ஒரு நாளைச் சேலத்து மண் இதுகாறும் கண்டதில்லை. 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டதே. உயிர் ஊசலாடியோருட் பலர் சேலத்து அரசு மருத்துவமனைக்கும் கொண்டுவரப் பெற்றனரே! மலிவான நஞ்சைத் தேடி அவர்கள் போனது ஏன்? நோய் அவர்களைத் துரத்திற்று. அந்நோயைத் தீர்ப்பார் எவருமில்லை.

ஆகலின் வேண்டுவன இவை. கடைகளைப் படிப்படியாக மூடும் நாள்வரையறையை அரசு வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். முதற்கண், மருத்துவமனைக்கும் தொழிலகத்துக்கும் அண்மையிலுள்ள கடைகள் மூடப்படல் வேண்டும். விற்பனை வருவாயில் ஒரு பங்கு, சட்டத்தால் உறுதி செய்யப்பெற்று, வட்டந்தோறும் குடிநோய் மருத்துவத்துக்கு ஒதுக்கப்படல் வேண்டும். அந்நிலையங்களில் படிவம் முதல் பேச்சுவரை அனைத்தும் தமிழிலேயே அமைதல் வேண்டும். பண்டுவம் முடித்தவரை ஓராண்டேனும் வீடு தேடிச் சென்று காணும் பணியாளர் அமர்த்தப்படல் வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாதனவும் உள. வெள்ளிப் பட்டறை உரிமையாளரும் தறியுடையாரும் சவ்வரிசி ஆலையாரும், மருத்துவத்துக்குச் செல்லும் தொழிலாளியின் வேலையை அவன் திரும்பும் வரை காத்து வைக்கலாம். ஊர்ப் படிப்பகங்களும் மன்றங்களும் கிழமைக்கு ஒரு மாலை, குடியை விட்டோர் கூடிப் பேச இடம் தரலாம். திருமணத்திலும் இழவிலும் காதுகுத்திலும் குடியளிக்கும் இழிவழக்கைத் தமிழுணர்வாளர் தம் வீட்டிலிருந்தே ஒழிக்கலாம். மீண்டு வந்தவரைக் காணுங்கால், பழையதைக் கிளறாது, ‘நலமா?’ என்று ஒரு சொல் கேட்கலாம். இவற்றுள் எதற்கும் ஆணை வேண்டா, பணமும் வேண்டா.

நோயர் உளர், மருத்துவர் உளர், மருந்தும் உளது. வள்ளுவர் வகுத்த நான்கனுள் இன்றுவரை நிரம்பாதிருப்பது நான்காமிடம். அவ்விடம் ஒவ்வொரு தெருவிலும் ஒவ்வொரு தமிழனுக்காகவும் தமிழ்ப் பெண்ணுக்காகவும் காத்திருக்கின்றது. இனம் காக்க எழுந்தோர் முதற்கண் அவ்விடத்தில் சென்று நிற்பாராக!